தயாராக வரும் வாக்கியங்கள்

நம் ஊர்ச் சிறுகதைகளில் சூரியன் ஓயாமல் உதித்துக்கொண்டே இருக்கிறது. கதிரவன் பொற்கரங்களை நீட்டுகிறான், ஆதவன் மேற்கே சாய்கிறான், மழை 'சோ'வெனப் பெய்கிறது, எண்ண அலைகள் மோதுகின்றன. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் யாராவது ஓர் ஆள் கதைக்குள் வருகிறார். சென்ற ஆண்டு ஒரு சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகளை முதற்கட்டமாக வாசித்துப் பிரிக்கும் வேலையில் உதவினேன். எழுதியவர்களின் பெயர்களை மறைத்துக் கொடுத்திருந்தார்கள். பெரும்பாலோர் என் வயதினர், அல்லது என்னைவிட இளையவர்கள் என்று மட்டும் தெரியும். நான்கைந்து நாட்கள் வாசித்த பிறகு, பெயரை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை என்று தோன்றிவிட்டது. எல்லாக் கதைகளையும் ஒரே ஆள் எழுதியதுபோலத்தான் இருந்தது.

ஆனால் கதைகள் ஒன்றல்ல. ஒன்றில் லாரி ஓட்டும் அப்பா, ஒன்றில் கல்விக் கடன் கட்ட முடியாத பட்டதாரி, இன்னொன்றில் இணைய வேலை என்று நம்பி வெளிநாடு போய் மாட்டிக்கொண்ட பையன். எல்லாம் இன்று நம்மைச் சுற்றி நடப்பவை. எழுதியவர்களுக்குச் சொல்வதற்கு விஷயம் இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. விஷயம் அவரவருடையதாக இருந்தது, வாக்கியம் மட்டும் பொதுச்சொத்தாக இருந்தது. மூன்று பேருக்கும் நெஞ்சம் கனத்தது. மூன்று பேரின் கன்னத்திலும் ஒரு துளி கண்ணீர் உருண்டோடியது.

இந்த 'ஒரே ஆள்' யார் என்று தேடினால் தேர்வு அறைக்குத்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த ஆளை நன்றாகத் தெரியும். இணைமொழி, மரபுத்தொடர், உவமைத்தொடர், இரட்டைக்கிளவி, பழமொழி என்று ஆண்டுக்கு ஆண்டு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தோம். கட்டுரையில் அவற்றைப் பொருத்தினால் மதிப்பெண். அனலில் இட்ட மெழுகு, பசுமரத்தாணி, நகமும் சதையும், காட்டுத்தீ. வர்ணனையோடு தொடங்கு, அணியோடு வளர்த்து, படிப்பினையோடு முடி. யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் அது பழக்கிய கை இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது.

இதைச் சொன்னால் ஆசிரியர்கள்மேல் பழி போடுவதாக நினைக்கக்கூடாது. ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி, அதன்பின் இடைநிலைப் பள்ளியில் மற்றப் பாடங்களெல்லாம் மலாயில். பலருக்குத் தமிழ் வாரத்தில் சில பாடவேளைகள் மட்டுமே. அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு பிள்ளையைத் தமிழில் நான்கு பக்கம் எழுத வைக்க வேண்டும் என்றால் பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். மொழியணிப் பட்டியல் ஒரு நடைவண்டி. அது இல்லாவிட்டால் நம்மில் பலர் தமிழில் எழுந்து நின்றிருக்கவே மாட்டோம். பிரச்சினை நடைவண்டியில் இல்லை. இருபத்தெட்டு வயதில், சிறுகதை என்ற பாதையில், அதையே தள்ளிக்கொண்டு போவதுதான் பிரச்சினை.

எழுத்துநடை பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் சொல்வளம், எளிமை, அழகு என்றே பேசுகிறோம். எனக்கு அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? எந்தத் தடங்கலும் இல்லாமல், கேட்காமலேயே, முழுதாக வந்து விழும் வாக்கியத்தைத்தான் தயாராக வரும் வாக்கியம் என்கிறேன். நாம் யோசிப்பதற்குள் அது வந்துவிடுகிறது. அதனால் யோசிப்பது நின்றுவிடுகிறது. 'மனம் அனலில் இட்ட மெழுகாய் உருகியது' என்று எழுதிய பிறகு, அந்த மனிதனுக்கு உண்மையில் என்ன ஆனது என்று பார்க்க வேண்டிய தேவை போய்விடுகிறது. கோபமா, அவமானமா, வெறும் தூக்கமின்மையா? மெழுகு எல்லாவற்றையும் மூடிவிடும்.

பள்ளி ஒரு கிடங்கு என்றால் இரண்டாவது கிடங்கு தோட்டம். இது கொஞ்சம் கசப்பான விஷயம். லயம், பிரட்டு, தவரணை, ஆயக்கொட்டகை, கித்தா மரம், மங்கு. இந்தச் சொற்கள் நம் இலக்கியத்துக்குள் வந்தது சாதாரண காரியமில்லை. பால்மரம் சீவியவர்களின் வாயிலிருந்து, மலாயும் ஆங்கிலமும் தமிழும் உரசிய இடத்திலிருந்து வந்த சொற்கள் அவை. சீ. முத்துசாமி போன்ற ஒருவர் எழுதும்போது அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது. ஆனால் தாமானில் பிறந்து, அடுக்குமாடியில் வளர்ந்து, ரப்பர் மரத்தை நெடுஞ்சாலை ஓரத்தில் மட்டுமே பார்த்த என் தலைமுறை எழுத்தாளர் அதே சொற்களைத் தூவும்போது என்ன ஆகிறது? மங்கும் ஒரு மொழியணி ஆகிவிடுகிறது. அனலில் இட்ட மெழுகு இருந்த இடத்தில் இப்போது கித்தா மரம் நிற்கிறது. மதிப்பெண் கொடுப்பவர் மட்டும் மாறியிருக்கிறார். முன்பு தேர்வு அதிகாரி, இப்போது 'மண்வாசனை' தேடும் நடுவர்.

தோட்டத்தைப் பற்றி எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தாத்தா வாழ்ந்த இடத்தை எழுதப் பேரனுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. ஆனால் உழைத்துத்தான் அந்த இடத்துக்குள் போக வேண்டும். பாட்டியிடம் உட்கார்ந்து, காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், மழை பெய்தால் அன்றைய கூலி என்ன ஆகும், பால் வாளியை எந்தத் தோளில் தூக்கினீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்டவர் எழுதியதும் கேட்காதவர் எழுதியதும் ஒரே பக்கத்தில் பிரிந்து தெரிந்துவிடும்.

எழுதக் கற்றுக்கொடுப்பது நமக்குப் புதிதல்ல. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' நாளிதழில், 1950ஆம் ஆண்டு சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பத்திரிகை வழியாகவே சிறுகதைப் பயிற்சி. மலாயாவின் அந்தத் தலைமுறை எழுத்தாளர்கள் பலர் அதில் எழுதிப் பழகியவர்கள். அடுத்துச் சிங்கப்பூர் 'தமிழ் முர'சில் வை. திருநாவுக்கரசு 'ரசனை வகுப்பு' நடத்தினார். இந்த இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று எழுதுவதற்கு, மற்றொன்று எழுதியதை வாசிப்பதற்கு. எழுத்துப் பயிற்சிக்கு இரண்டு கால் வேண்டும் என்பது ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே இங்கே தெரிந்திருக்கிறது. இன்று நம்மிடம் சிறுகதைப் பட்டறைகளுக்கும் போட்டிகளுக்கும் குறைவில்லை. அந்த இரண்டாவது கால்தான் மெலிந்துபோயிருக்கிறது.

1952இல் கு. அழகிரிசாமி கோலாலம்பூருக்கு வந்து தமிழ் நேசனில் சேர்ந்தார். 1957 வரை இங்கே இருந்தார். எழுதுகிறவர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். அவருடைய 'ராஜா வந்திருக்கிறார்' கதையை நடை கற்க விரும்பும் ஒவ்வொருவரும் ஒரு தடவை பென்சிலோடு வாசிக்க வேண்டும். அது வறுமையைப் பற்றிய கதை. ஆனால் வறுமையைப் பற்றிய புலம்பல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பிள்ளைகள் 'எங்கள் வீட்டில் இது இருக்கிறது, உங்கள் வீட்டில் இருக்கிறதா' என்று போட்டி போடுகிறார்கள். தீபாவளிக்கு வீட்டில் இருக்கும் துணிகள் இத்தனை என்று நமக்குத் தெரிகிறது. அனாதைச் சிறுவன் ஒருவன் வந்து நிற்கிறான். கணவனுக்காக வைத்திருந்த துண்டை அந்தத் தாய் அவனுக்குக் கொடுக்கிறாள். கதையின் கனம் முழுவதும் அந்த ஒரு துண்டின்மேல் நிற்கிறது. நெஞ்சம் கனத்தது என்று ஆசிரியர் எழுதவில்லை. வீட்டில் வேறு துண்டு இல்லை என்பது நமக்குத் தெரியும், அதனால் நமக்குக் கனக்கிறது.

இன்னொரு உதாரணம் ப. சிங்காரம். இளம் வயதில் கப்பலேறி மேடானுக்கு வேலைக்குப் போனவர். மொத்தமே இரண்டு நாவல்கள். 1959இல் வந்த 'கடலுக்கு அப்பால்' பினாங்கின் வட்டிக்கடைக்குள் நடக்கிறது. அங்கே மனிதர்கள் வெறும் 'ஊழியர்கள்' அல்ல. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. அடுத்தாள் செல்லையா முதலாளியின் மகளை விரும்புகிறான் என்றால் அந்தப் படிகள் எல்லாம் உடனே கதைக்குள் வந்துவிடுகின்றன. தனியாக ஒரு பத்தி எழுதி விளக்க வேண்டியதில்லை. 1972இல் வெளியான 'புயலிலே ஒரு தோணி'யில் முதல் அத்தியாயத்தின் தலைப்பே மேடானில் இருந்த ஒரு தெருவின் டச்சுப் பெயர். அந்தத் தெருவை நமக்குத் தெரியுமா என்று அவர் கவலைப்படவில்லை. தனக்குத் தெரியுமா என்றுதான் கவலைப்பட்டார்.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் தலைமுறையின் சமையலறைக்குள், இல்லை, தொழிற்சாலைக்குள் வருவோம். நான் பாயான் லெப்பாஸ் பக்கம் வேலை செய்கிறவன். ஒரு கதையின் முதல் வரைவு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக நானே கட்டியது:

'கதிரவன் மேற்கில் மறைய, இருள் மெல்லக் கவ்வத் தொடங்கியது. தொழிற்சாலையின் இயந்திரங்கள் அரக்கர்களாய் ஓலமிட்டன. குமரனின் உடல் களைப்பால் துவண்டது. இந்த வாழ்க்கை எப்போதுதான் மாறுமோ என்று ஏக்கப் பெருமூச்சு விட்டான்.'

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. பள்ளியில் நல்ல மதிப்பெண் கிடைக்கும். ஆனால் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கதிரவன் மறைவதை யார் பார்த்தது? சிப் சோதிக்கும் கூடத்தில் ஜன்னலே கிடையாது. இயந்திரங்கள் ஓலமிட்டனவா? அவை பெரும்பாலும் 'டிக் டிக்' என்று ஒரே தாளத்தில் ஓடுகின்றன, நின்றுபோனால்தான் சத்தம் போடும். களைப்பு எங்கே தெரிந்தது? காலிலா, கண்ணிலா? பெருமூச்சு விட்டால் முகக்கவசத்துக்குள் மூக்குக் கண்ணாடி அல்லவா மங்கும்?

எங்கள் வேலையில் ஓர் இயந்திரம் பழுதானால் அறிக்கை எழுத வேண்டும். 'மிக மோசமாகப் பழுதடைந்தது' என்று எழுதினால் அது திரும்பி வரும். எந்த இயந்திரம், எத்தனை மணிக்கு, முதலில் பார்த்தது யார், பார்க்கும்போது என்ன நிலையில் இருந்தது? அதே கேள்விகளை வைத்து அந்தப் பத்தியைத் திரும்ப எழுதினால்:

'ஏழு மணிக்கு உள்ளே போனால் மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் வானம். மூன்றாவது மெஷினின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. குமரன் மூடியைத் திறந்தான். ஒரு சிப் குழிக்குள் சரிந்து கிடந்தது. உறிஞ்சு பேனாவால் எடுத்துத் தட்டில் வைத்தான். மூடினான். நான்கு நிமிடம் கழித்து மறுபடியும் அதே விளக்கு. இந்த முறை மூடியைத் திறந்தவன் உடனே எடுக்கவில்லை.'

இது பெரிய இலக்கியம் இல்லை. ஆனால் இரண்டு வரைவுக்கும் நடுவில் ஒன்று நடந்திருக்கிறது. முதல் வரைவில் குமரன் என்ற பெயரை எடுத்துவிட்டு, கொத்தனார், லாரி ஓட்டுநர், தோட்டக்காரர் யாரை வேண்டுமானாலும் வைக்கலாம். இரண்டாவதில் முடியாது. வேறு கதைக்குள் தூக்கி வைத்தால் அப்படியே பொருந்திக்கொள்ளும் வாக்கியம் இந்தக் கதையில் வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம். எனக்குத் தெரிந்த ஒரே நம்பகமான சோதனை இதுதான். அதே சமயம் ஓர் எச்சரிக்கை. மெஷின், சிப், உறிஞ்சு பேனா என்று சொற்களை அடுக்கிவிட்டால் கதை வந்துவிடாது. அப்படி அடுக்கினால் நாளைக்கு அதுவும் மொழியணிதான், ஆண்டறிக்கை வாசனையோடு. மேலே உள்ள பத்தியில் கதை இருப்பது கடைசி வாக்கியத்தில் மட்டும். மற்றவை அது நிற்பதற்கான தரை.

உரையாடலிலும் இதே கதைதான். 'அம்மா, நான் வேலைக்குச் சென்று வருகிறேன்' என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. 'மா, போய்ட்டு வரேன். சோறு எடுத்து வெக்காத, கேன்டீன்ல சாப்ட்டுக்கிறேன்' என்று சொல்வான். இரண்டாவதில் அம்மா வழக்கமாகச் சோறு எடுத்து வைப்பவர் என்பதும், மகன் வேண்டாம் என்கிறான் என்பதும் கூடவே வந்துவிடுகின்றன. பேச்சுமொழி எழுதுவது கொச்சைக்காக அல்ல. உறவு அதில்தான் ஒளிந்திருக்கிறது.

சரி, வேலையை எப்படிச் செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன், உங்களுக்குச் சரிப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரைவில் தயாரான வாக்கியங்களோடு சண்டை போடுவதில்லை. சூரியன் உதித்தால் உதிக்கட்டும். கதை கடைசி வரைக்கும் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஒரு வாரமாவது தொடாமல் வைத்துவிட்டு, தாளில் அச்சடித்து, பேனாவோடு உட்காருவேன். எங்கோ பார்த்த வாக்கியம் என்று தோன்றுவதற்கெல்லாம் அடிக்கோடு மட்டும். அப்போது திருத்தக்கூடாது. திருத்தத் தொடங்கினால் ஒரு தயார் வாக்கியத்துக்குப் பதில் இன்னொரு தயார் வாக்கியம் வரும்.

அடுத்த நாள் புதிய கோப்பைத் திறந்து, முழுக் கதையையும் முதலிலிருந்து தட்டச்சு செய்வேன். பழைய கோப்பில் வெட்டி ஒட்டுவதில்லை. பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். ஆனால் கணினியில் இருக்கும் வாக்கியம் சும்மா இருந்துவிடும், திரும்பத் தட்டும்போது விரலுக்கு வலிக்கும். அலங்காரத்துக்கு வந்த வாக்கியத்தை இரண்டாவது தடவை தட்டக் கை சோம்பல்படும். அந்தச் சோம்பலை நம்புங்கள். கைப்பேசியில் மட்டும் எழுதாதீர்கள் என்பதும் இதனால்தான். அது அடுத்த சொல்லைத் தானே நீட்டும். நீட்டும் சொல் ஏற்கெனவே பலர் எழுதியது.

இன்னொன்று, முதல் பத்தியை மூடிவிட்டு இரண்டாவது பத்தியிலிருந்து வாசித்துப் பாருங்கள். நான் வாசித்த போட்டிக் கதைகளில் பல, இரண்டாவது பத்தியில்தான் உண்மையில் தொடங்கின. கடைசிப் பத்தியையும் அதேபோல் மூடிப் பாருங்கள். கன்னத்தில் உருண்ட கண்ணீர்த்துளி இல்லாமல் கதை நின்றால், அது இல்லாமலே நிற்கட்டும்.

ஆனால் எழுதுகிறவர் மட்டும் பாடுபட்டால் போதாது. ரசனை வகுப்பு என்றேனே, அது இப்போது எங்கே நடக்கிறது? நூல் வெளியீட்டில் பொன்னாடை போர்த்தி, முதல் நூலைப் பிரமுகர் பெற்றுக்கொண்டு, 'ஆற்றொழுக்கான நடை', 'எளிய இனிய தமிழ்', 'சமூக அக்கறை' என்று மூன்று பேர் பேசி முடித்தால் கூட்டம் முடிந்தது. இவையும் தயாராக வரும் வாக்கியங்கள்தான். இடமாற்றச் சோதனையை இவற்றுக்கும் வைத்துப் பாருங்கள், எந்த நூலுக்கும் பொருந்தும். விமர்சகரே கிடங்கிலிருந்து எடுத்துப் பேசினால் எழுத்தாளர் ஏன் திரும்ப எழுதப் போகிறார்? நாம் சிறிய வட்டம், எல்லாரும் எல்லாருக்கும் அண்ணன், அக்கா, சார், டீச்சர். கடுமையாகச் சொல்ல வாய் வராது, புரிகிறது. அதற்கு நான் ஒரு வழி சொல்வேன். மொத்த நூலையும் மதிப்பிட வேண்டாம். ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து, அது ஏன் வேலை செய்கிறது அல்லது செய்யவில்லை என்று பேசுங்கள். வாக்கியத்தைச் சொன்னால் ஆளுக்கு அவ்வளவாக வலிக்காது. வீட்டுக்குப் போய்த் திருத்தவும் அவருக்கு ஏதாவது இருக்கும்.

இவ்வளவு ஏன் முக்கியம் என்று கேட்கலாம். வேலைநேரம் மாறி மாறி வரும் வாழ்க்கை, அடுக்குமாடியின் மின்தூக்கி, கடனில் ஓடும் மோட்டார் சைக்கிள், வாட்ஸ்அப்பில் மட்டும் பேசிக்கொள்ளும் அண்ணன் தம்பி. இவையெல்லாம் தமிழில் இன்னும் சரியாக எழுதப்படவில்லை. மலாயிலோ ஆங்கிலத்திலோ யாராவது எழுதினால் அதில் நாம் ஓரத்தில்தான் வருவோம். தமிழில் நாம்தான் எழுத வேண்டும். அனலில் இட்ட மெழுகை வைத்து எழுதினால், இப்படி ஒரு கூட்டம் இங்கே வாழ்ந்தது என்பதற்குச் சாட்சி இருக்காது.

குமரனின் கதையை நான் இன்னும் முடிக்கவில்லை. அவன் ஏன் உடனே அந்தச் சிப்பை எடுக்கவில்லை என்பதற்கு மூன்று தயார் பதில்கள் வந்தன, மூன்றுக்கும் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். இந்த வாரம் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும்.